பொய்க்கு மட்டும் தட்டும் கார்

இங்கே நான் எழுதப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு சத்தியம் செய்கிறேன். எழுதுவதற்கு ஒரு கை வேண்டும் என்பதால் அதை மட்டும் அவ்வப்போது எடுத்துக்கொள்வேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். இந்த வயதுக்கு மேல் பொய் சொல்லி ஒருவன் என்ன சாதிக்கப்போகிறான்? சாதிக்க வேண்டியதற்கெல்லாம் முன்பே சொல்லி முடித்திருப்பான்.

எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதற்குள் உட்கார்ந்து யாராவது பொய் சொன்னால், அது தட்டும்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. விரல் முட்டியால் பலகையைத் தட்டினால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு 'டொக்'. சின்னப் பொய்க்குச் சின்ன டொக். பெரிய பொய் என்றால் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் கொஞ்சம் உறைக்கும்.

அதை நான் ஒரு பல் மருத்துவரிடமிருந்து வாங்கினேன். 'வலிக்காது, வலிக்காது' என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய் அவருடையது. ஓட்டிப் பார்க்க என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"நான் ஒருத்தன் மட்டும்தான் ஓட்டினேன், வேற கை படவே இல்ல" என்றார். டொக்.

"எங்கேயும் இடிச்சது கிடையாது." டொக்.

"பெட்ரோல் குடிக்கவே குடிக்காது." டொக், டொக்.

"என்ன சார் சத்தம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, ரோடு சரியில்ல." டொக்.

சாலை கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டு, "எனக்கு இதை விக்கவே மனசில்ல சார்" என்றார். சத்தமே வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் மெத்தைக் கடையில் விற்பனையாளனாக இருந்தவன். இந்த மாதிரிச் சத்தம் எதற்கு வரும் என்று யோசிக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது.

கண்டுபிடித்தது என் மனைவி. கார் வந்த வாரமே இருவரும் எங்கோ கிளம்பினோம். புதிதாக ஒரு மஞ்சள் புடவை உடுத்தியிருந்தாள். "இந்தக் கலர் எனக்கு எடுக்குதாங்க?" என்றாள்.

"அடேயப்பா! உனக்குன்னே சாயம் போட்ட மாதிரி இருக்கு."

டொக்.

கொஞ்சதூரம் போனதும், "உங்க அக்கா நேத்து போன்ல என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்றாள்.

"உன் பேச்சே எடுக்கல."

டொக்.

வீடு வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். வந்ததும் நான் இறங்கினேன், அவள் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியாக உட்கார்ந்து ஏதோ பேச ஆரம்பித்தாள். வாசலிலிருந்து பார்த்தேன். உதடு அசைகிறது, கார் தட்டுகிறது. உதடு அசைகிறது, கார் சும்மா இருக்கிறது. ஒரு கட்டத்தில் அவளே சிரித்துவிட்டாள். பிறகு உள்ளே வந்து, பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்: "என்னங்க, நம்ம காருக்குப் பொய் தெரியுது."

அன்றிலிருந்து வீட்டின் முக்கியமான பேச்சுவார்த்தை எல்லாம் காருக்கு மாறிவிட்டது. யார்மேலாவது சந்தேகம் வந்தால், "வாங்களேன், காத்தாட ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று என் மனைவி அன்பாகக் கூப்பிடுவாள். கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. வந்த மீதிப்பேர் நல்ல மனிதர்கள். காருக்கு 'பெரியவர்' என்று பெயரும் வைத்தாள். "பெரியவர் முன்னாடி வெச்சுப் பேசிக்கலாம்" என்பாள். நானும் கடையில் பேசியதை எல்லாம் கடை வாசலிலேயே உதறிவிட்டுத்தான் கார்க் கதவைத் திறப்பேன். இந்த மெத்தை முதுகுவலியைக் குணப்படுத்தும் என்று பகலெல்லாம் சொன்ன நாக்கு, பெரியவருக்குள் ஏறினால் மழலை பேச ஆரம்பித்துவிடும்.

ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் அந்தக் காருக்குள் கேட்டதே இல்லை.

எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் என் மனைவிக்கு வேறொரு வரன் வந்திருந்தது. வானிலை அலுவலகத்தில் வேலை. ஆள் உயரம், நல்ல பல்வரிசை. அவளுடைய அப்பா ஏதோ காரணத்தால் அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார். 'என்னைக் கட்டிக்கிட்டதுல உனக்கு வருத்தமா?' என்று சமையலறையில் வைத்து அவளிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் இல்லீங்க" என்பாள், அடுப்பிலிருந்து திரும்பாமலேயே. சமையலறையில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கேட்க ஆளில்லை. காரில் வைத்துக் கேட்டுவிடலாம் என்று பலமுறை வாயைத் திறப்பேன். கடைசி நொடியில், "ஜன்னலை ஏத்தவா?" என்று வந்துவிடும். மழையில்லாத நாளில்கூட நாங்கள் ஜன்னலை ஏற்றிக்கொண்டுதான் போவோம்.

தட்டுவது எது என்பதும் தெரியவில்லை. என் காதுக்கு ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து வரும். அவள் காதுக்குப் பின்சக்கரத்துப் பக்கம். பொய் சொன்னவருக்கு மட்டும் நேராகத் தன் இருக்கைக்குக் கீழேயிருந்து கேட்கும். எங்கள் மெக்கானிக்குக்கு ஊரில் வைத்த பெயர் சைலன்சர். அவன் வாய்க்கு அது மாட்டப்படவில்லை என்பதால் வந்த பெயர். அவனிடம் காட்டினேன். "பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் சார் செய்யும். சத்தம் வராட்டிதான் பயப்படணும்" என்று ஸ்பானரால் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

இனி விபத்து.

என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், வேலை கிடைக்கும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று வந்தவன். வேலைக்கு அவன் இருக்கும் இடம் தெரியவே இல்லை. வீட்டில் அவன் வாய் ஓயாது. முதலை வாயில் கைவிட்டு மோதிரத்தை எடுத்தது, கப்பல் கேப்டன் இவனிடம் வழி கேட்டது என்று அளந்துகொண்டிருப்பான். காரில் ஏறிவிட்டால் தியானம். ஆனாலும் காரில் அவனுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தோம்.

ரொட்டிக் கம்பெனி மதிலை ஒட்டி ஒரு முக்குச்சாலை உண்டு. அந்த மதிலுக்குப் பின்னாலிருந்து வண்டி வந்தால் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர்தான் தலையை நீட்டிப் பார்க்க வேண்டும். மச்சான் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரல" என்பான். நான் உடனே போகமாட்டேன், ஒரு மூச்சு பொறுப்பேன். பெரியவர் தட்டாவிட்டால் போவேன். தட்டினால், மச்சான் தலையை நீட்டவே இல்லை, சோம்பேறித்தனமாகச் சொல்லியிருக்கிறான் என்று அர்த்தம். பிரேக்கில் இருந்து காலை எடுக்கமாட்டேன். இப்படியே பல வருஷம் அந்த முக்கைக் கடந்தோம். எங்களைவிடப் பத்திரமாக அதைக் கடந்தவர்கள் யாரும் இல்லை.

அன்று காலையும் அப்படித்தான். மனைவி பின்னால், மச்சான் பக்கத்தில். மச்சான் இடுப்புவரை வெளியே நீட்டிப் பார்த்தான்.

"ஒண்ணும் வரல அத்தான், போங்க."

ஒரு மூச்சு பொறுத்தேன். பெரியவர் தட்டவில்லை. போனேன்.

ரொட்டி வேன் எங்கள் முன்பக்க மூலையில் வந்து மோதியது. கார் அப்படியே சுழன்று, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. வேனின் பின்கதவு திறந்து, சாலை முழுக்க ரொட்டி. எங்களுக்கு ஒரு கீறல் இல்லை. மச்சான் மடியில் மட்டும் எப்படியோ ஒரு முழு ரொட்டி, சுடச்சுட.

வேன்காரர் ஓடிவந்து எங்கள் ஜன்னலுக்குள் தலையை விட்டார். "பிரேக் மேலயே நின்னேன் சார், பிடிக்கல!"

டொக்.

அவர் திடுக்கிட்டுத் தலையை வெளியே எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பெரியவர் நன்றாகத்தான் இருக்கிறார். அப்படியானால் முதலில் ஏன் தட்டவில்லை?

"டேய், நீ பாத்தியா இல்லையா?" என்று என் மனைவி பின்னாலிருந்து தம்பியின் காதைப் பிடித்தாள்.

"பாத்தேன்க்கா! நல்லாத்தான் பாத்தேன். கொஞ்ச நாளா தூரத்துல இருக்கறது எதுவும் சரியாத் தெரியறதில்ல, அவ்வளவுதான்."

பெரியவர் அதற்கும் தட்டவில்லை.

நடுச்சாலையில், ரொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தபடி எனக்கு விளங்கியது. பெரியவருக்குப் பொய் தெரியும், தவறு தெரியாது. பொய் சொல்கிறவனுக்கு உள்ளுக்குள் உண்மை தெரிந்திருக்கிறது. அதைத்தான் அவர் எப்படியோ மோப்பம் பிடிக்கிறார். மச்சானுக்கோ உள்ளே ஒன்றுமே இல்லை. இவ்வளவு வருஷமும் நாங்கள் பார்வையைச் சோதிக்காமல் நேர்மையைச் சோதித்துக்கொண்டு தெருவைக் கடந்திருக்கிறோம். வானிலை அலுவலகக்காரர் இந்தக் காரில் ஏறினால் வண்டி உதிர்ந்துபோகும் என்று ரகசியமாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேனே, அதுவும் போயிற்று. அவர் சொன்னது எல்லாம் பொய்யில்லை, தவறுதான். அவருக்கு ஒரு தட்டுகூடக் கிடைத்திருக்காது.

காரை இழுத்துக்கொண்டுபோய் சைலன்சரின் பட்டறையில் நிறுத்தினார்கள். முன்பக்கம் ஒரு கன்னம் அப்படியே உள்ளே போயிருந்தது, பல் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி. இன்சூரன்ஸ்காரர் வந்தார். கீழே படுத்துப் பார்த்தார், சுற்றிச்சுற்றி வந்தார், கடைசியில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"அடிச்சட்டமே முறுக்கிக்கிச்சு சார். இதைச் சரி பண்றதுல அர்த்தமில்ல. உடைக்கத்தான் அனுப்பணும். மத்தியானம் லாரி வந்து எடுத்துக்கும்" என்றார். பெரியவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். "எனக்கே மனசு கஷ்டமா இருக்கு சார்."

டொக்.

"ஏதோ கழண்டிருக்கு போல" என்று காலை நகர்த்திக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் பானெட்டின் நல்ல பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் லாரி வந்துவிடும். என் கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

என் மனைவி அழவில்லை. குடை, முதுகுக்கு வைக்கும் திண்டு, துடைக்கிற துணி எல்லாவற்றையும் எடுத்து ஒரு பையில் போட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரைப் பார்த்தாள்.

"போறது போகட்டும். தட்டுறது எதுன்னு பாத்து அதை மட்டும் கழட்டி எடுத்துக்கலாம்."

"கழட்டி?" என்றான் மச்சான்.

"சாப்பாட்டு மேசைக்கு அடியில மாட்டலாம்."

மச்சானின் முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. "அக்கா, வீட்டுக்குள்ள எதுக்குக்கா? பழைய இரும்பு, துரு பிடிச்சிருக்கும், கையில கிழிச்சா ஊசி போடணும்..."

"நீ ஏன்டா பதறுற? முதலை வாயிலேயே கை விட்டவன்தானே நீ?"

சைலன்சர் முதலில் நம்பவில்லை. "என்னம்மா, சாருதான் இப்படிப் பேசுவாருன்னா நீங்களுமா?"

"சந்தேகமா இருந்தா உள்ள ஏறி உக்காரு. வாடிக்கைக்காரங்ககிட்ட தினமும் சொல்லுவியே, அதைச் சொல்லு."

அவன் பின்னிருக்கையில் ஏறிக் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "நாளைக்குக் காலையில வாங்க சார், வண்டி ரெடியா இருக்கும்" என்றான்.

பெரியவர் தட்டிய தட்டில் ஒரு சக்கரமூடி கழன்று உருண்டோடி, பட்டறை வாசலில் படுத்திருந்த நாயை எழுப்பியது. சைலன்சர் கால்மேல் போட்ட காலை இறக்கினான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு மெதுவாக இறங்கி, எல்லா ஸ்பானரையும் எடுத்துக்கொண்டு வந்தான்.

முதலில் பின்னிருக்கையைக் கழற்றினோம். அடியில் ஒரு சீப்பு, இரண்டு பித்தான், ஒரு கரண்டி, மச்சான் தொலைத்துவிட்டான் என்று நான் திட்டிய பேனா மூடி. கூடவே நீளமான பிடி வைத்த ஒரு குட்டிக் கண்ணாடி. பல் மருத்துவருடையது.

"இதுதான்! ஆடி ஆடித் தட்டியிருக்கு!" என்று சைலன்சர் அதைத் தூக்கிப் பிடித்தான்.

"ஆடுனா பொய்க்கு மட்டும் எதுக்கு ஆடணும்?" என்றாள் என் மனைவி. "தம்பி, ஏறு. ஒண்ணு சொல்லு."

மச்சான் கொலைக்களத்துக்குப் போகிறவன் போல ஏறி, இருக்கை இல்லாததால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "நான் தினமும் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து வேலை தேடுறேன்."

டொக். பின்னிருக்கை இல்லாமலே தட்டியது. இன்னும் தெளிவாகக்கூட இருந்தது.

நான்கு கதவுகளின் உள்பலகைகளையும் கழற்றினோம். கதவுக்குள் ஒரு குளவிக்கூடு, குளவி எப்போதோ காலி செய்துவிட்டுப் போயிருந்தது. மச்சானை மறுபடி ஏற்றினோம். "நான் எங்க அக்காவோட பலகாரத்தை ஒளிச்சுவெச்சுச் சாப்பிட்டதே கிடையாது." டொக். "ஒரு தடவை சாப்பிட்டிருக்கேன்." டொக். "சரி சரி, இறங்கிடறேன்."

சைலன்சருக்கு வெறி பிடித்துவிட்டது. மற்ற வண்டிகளை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு இதற்குள் தலைகீழாக நுழைந்துவிட்டான். தரை விரிப்பைக் கிழித்தான், கூரைத் துணியை இறக்கினான். பிரேக்கைக் காட்ட வந்து காத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், "என் வண்டி?" என்று கேட்டார். சைலன்சர் பழக்கத்தில் வாயைத் திறந்தான். தான் எங்கே இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து, "இன்னிக்கு முடியாது, நாளைக்கும் முடியாது" என்றான். அவர் கண்கலங்கிவிட்டார். மெக்கானிக் ஒருவர் தன்னிடம் உண்மை பேசியது அதுவே முதல்முறையாம்.

கடைசியில் மிச்சம் இருந்தது முன்பலகைதான், மீட்டரும் ரேடியோவும் இருக்கிற பகுதி. அதையும் பெயர்த்து எடுத்து வெளியே ஒரு டயர்மேல் சாய்த்து வைத்தோம். உள்ளே கம்பிகள் மட்டும் தொங்கின.

"இப்ப யாராவது ஒரு பொய் சொல்லுங்க" என்றான் சைலன்சர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

மச்சான் மறுத்துவிட்டான். இனிமேல் தன்னிடம் சொந்தமாகப் பொய் எதுவும் மீதியில்லை என்றான். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு, "தள்ளுங்க, நான் சொல்றேன்" என்று ஏறி, முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். பெரிய பொய்யாக இருக்க வேண்டும் என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தபடியே, மச்சானுக்கும் சைலன்சருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

"இவரைக் கட்டிக்கிட்டதுல எனக்கு ஒரு நாளும் வருத்தம் வந்ததே இல்ல."

எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். நாய்கூட.

ஒன்றும் கேட்கவில்லை.

சைலன்சர் கையைத் தட்டினான். "முன்பலகைதான்! அப்பவே நினைச்சேன். அதைக் கழட்டினதும் நின்னுபோச்சு பாருங்க!" ஓடிப்போய் டயர்மேல் இருந்த முன்பலகையைத் தூக்கிக் குலுக்க ஆரம்பித்தான்.

"இல்ல, இடிச்ச இடியில ஏதோ விட்டுப்போய், இப்பத்தான் உயிர் போயிருக்கு" என்றான் மச்சான். அவன் குரலில் துக்கம் கொஞ்சமும் இல்லை.

என் மனைவி மட்டும் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் வேடிக்கைக்காகத்தான் சொல்லியிருக்கிறாள். பொய் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். அது தட்டாததில் எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் அதிக ஆச்சரியம். இருக்கைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தாள். பிறகு இறங்கி, என் பக்கம் திரும்பாமல் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றுவிட்டாள்.

முன்பலகை போனதால் தட்டவில்லையா, அல்லது தட்டுவதற்கு எதுவும் இல்லாததால் தட்டவில்லையா? முன்பலகை இல்லாத அந்தக் காருக்குள் இன்னொரு பொய் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். அது தட்டினால் அவள் சொன்னது நிஜம், என் வாழ்க்கை ஒரு மாதிரி. தட்டாவிட்டால் கடைசிவரை தெரியாமலே போகிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து லாரி பின்பக்கமாக வாசலுக்குள் வந்தது.

நான் ஓடிப்போய் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு பொய், ஒரே ஒரு பொய். வாயைத் திறந்தேன், வரவில்லை! மெத்தைக் கடையில் ஒரு காலத்தில் மேகத்தில் செய்த மெத்தை என்று சொல்லி விற்றவன் நான். இந்த இருக்கையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து நாக்கு பழகிப்போய்விட்டது. "என் பேரு..." என்று ஆரம்பித்தால் நிஜமான பெயரே வந்தது. "எனக்கு வயசு..." என்றால் அதுவும் சரியாகவே வந்தது. "ஜன்னலை ஏத்தவா?" என்றேன். அது பொய்யில் சேராது.

லாரிக்காரர் சங்கிலியோடு வந்தார். கட்டைமீசை, அவசரமான ஆள்.

"இறங்குங்க பெரியவரே. ஆள் உள்ள இருந்தா தூக்க முடியாது."

"ஒரு நிமிஷம்ப்பா. ஒரு பொய் சொல்லணும்."

"இறங்கி நின்னு எத்தனை வேணும்னாலும் சொல்லுங்க. எனக்கு இன்னும் ரெண்டு வண்டி எடுக்கணும்."

"உள்ள இருந்துதான் சொல்லணும். நீயாவது ஒண்ணு சொல்லேன்!"

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தன் நெற்றிப்பொட்டில் விரலைச் சுற்றிக் காட்டினான். லாரிக்காரருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. என்னைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கிவிட்டார். கியரைத் தளர்த்துவதற்காகத் தானே பாதி உடம்பை உள்ளே நுழைத்தார். நுழைத்தபடியே, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்:

"கவலையே படாதீங்க சார். உங்க வண்டியைப் பூ மாதிரி எடுத்துட்டுப் போறேன்."

டொக்!

அவர் தலை கூரையில் இடித்தது. "என்ன சார் இது, கீழேயிருந்து உதைக்குது!"

சைலன்சர் முன்பலகையைக் கையில் பிடித்தபடியே நின்றான். அது அவன் கையில் இருந்தது. சத்தம் காரிலிருந்து வந்தது. என் மச்சான் "ஐயோ" என்றான். நான் சிரித்துவிட்டேன். எவ்வளவு அடக்கியும் முடியவில்லை, லாரிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையை மெதுவாக உருவிக்கொண்டு சங்கிலியை மாட்டப் போய்விட்டார்.

பெரியவர் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, பின்சக்கரத்தில் நடந்து போனார். எதைக் கழற்றினால் அந்தச் சத்தம் கிடைக்கும் என்று கடைசிவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. சைலன்சர் தெருமுனைவரை ஸ்பானரோடு பின்னால் ஓடினான். "உடைக்கும்போது உள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்க!" என்று கத்தினான். "சொல்றேன், சொல்றேன்!" என்று லாரிக்காரர் ஜன்னலில் கை நீட்டிச் சொன்னார். அவர் இருந்தது லாரியில் என்பதால், அது என்ன வகைப் பேச்சு என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

நாங்கள் நடந்தே வீட்டுக்குப் போனோம். மச்சான் இனிமேல் தட்ட ஆளில்லை என்ற சந்தோஷத்தில், வேன் மோதியபோது தான் எப்படி ஒற்றைக் கையால் காரைத் தடுத்து நிறுத்தினான் என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனான். என் மனைவி பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"எது?"

"லாரிக்காரர் சொன்னதும் கேட்டுச்சே, அது."

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள். கொஞ்சதூரம் நடந்துவிட்டு, "நான் உள்ள சொன்னது பொய்தான், தெரியுமில்ல? சோதிச்சுப் பாக்கத்தான் சொன்னேன்" என்றாள்.

தெருவில் வைத்துச் சொன்னாள். தட்ட யாரும் இல்லை. பையை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் கொடுத்துவிட்டாள்.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும், அந்தக் காருக்குள் தட்டியது என்ன என்று மட்டும்தான் துருவித்துருவிக் கேட்கிறார்கள். என் மனைவியைப் பற்றி இதுவரை ஒருவர்கூட ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. விசாரித்திருந்தால் மறைக்காமல் சொல்லியிருப்பேன்: எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.